அதிபருக்குப் படிப்பிப்பவர் யார்?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குச் சில செய்திகள் கண்ணை மூடிக்கொண்டே எழுத வந்துவிடும். அவற்றுள் ஒன்று கடமையேற்புச் செய்தி. இன்னார் இன்ன நிறுவனத்தின் புதிய பணிப்பாளராகச் சுபவேளையில் தமது கடமைகளைப் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று முதல் வாக்கியம். கீழே ஒரு படம்: மாலை, குத்துவிளக்கு, விரித்துவைத்த பதிவேடு, கதிரைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் உத்தியோகத்தர்கள். அடுத்த பந்தியில் அவர் பிறந்த ஊர், படித்த பாடசாலை, பெற்ற பட்டம், சேவையாற்றிய ஆண்டுகள். பெயரையும் திகதியையும் மாற்றினால் செய்தி தயார்.

இத்தனை கடமையேற்புகளில் ஒன்றிலேனும், ‘இவர் ஒரு கல்லூரியை நடத்துவது எவ்வாறு என்பதை இன்ன இடத்தில் இத்தனை ஆண்டுகள் கற்றுத் தேறியவர்’ என்ற வாக்கியத்தை நான் எழுதியதில்லை. பிறர் எழுதியதை வாசித்ததுமில்லை. கும்பாபிஷேகம் செய்ய வரும் சிவாச்சாரியார் ஆசாரியாபிஷேகம் பெற்றவரா என்று விசாரிக்கின்ற ஊர் எமது ஊர். நூற்றுக்கணக்கான இளைஞர்களின் இரண்டு மூன்று ஆண்டுகளை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது மட்டும் நாம் அவ்வாறு எதையும் விசாரிப்பதில்லை.

நான் இங்கே பேசுவது பாடசாலைகளைப் பற்றியன்று. பாடசாலை அதிபர் நியமனங்களின் கதை தனிக்கதை; கடமை நிறைவேற்று அதிபர்கள் என்ற ஒரு வர்க்கத்தையே அது உருவாக்கியிருக்கிறது. நான் பேச வருவது பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நிற்கும் நிறுவனங்களைப் பற்றி. பிறவுண் வீதியிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி, ஊர் வழக்கில் ‘ரெக்னிக்கல்’. குருநகரிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனம், மாணவர் வாயில் ‘ஏ.ரி.ஐ.’. யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகக் கல்லூரி. கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி. குடாநாட்டுக்கு வெளியே, எமது பிள்ளைகளும் செல்லும் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சமூகக் கல்லூரி என்று எதை அழைக்கிறார்களோ, அந்த வேலையை எமது மண்ணில் அரைகுறையாகவேனும் செய்துவருபவை இவையே.

இவற்றுக்கு வருபவர் யார்? க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோர் இலங்கை முழுவதும் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. மிகுதி ஓர் இலட்சம் பேரும் சித்தியடையாதவர்கள் அல்லர், சித்தியடைந்தும் இடமில்லாதவர்கள். அவர்களில் வசதியுள்ளவர் கொழும்புத் தனியார் நிறுவனங்களுக்குப் போகிறார். உறவினர் வெளிநாட்டில் உள்ளவர் முகவரைத் தேடுகிறார். இரண்டும் இல்லாத தோட்டக்காரரின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் போரில் தந்தையை இழந்த வீட்டின் பிள்ளையும் பிறவுண் வீதிக்கும் குருநகருக்கும் வருகிறார்கள். அவர்களுக்கு இது கடைசிக் கதவு. அந்தக் கதவின் திறப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

இத்தகைய ஒரு நிறுவனத்தை நடத்துவது பாடசாலையை நடத்துவது போன்றதன்று. பல்கலைக்கழகத்தை நடத்துவது போன்றதுமன்று. பாடசாலை அதிபருக்கு மேலே வலயமும் மாகாணமும் உண்டு. பாடத்திட்டம் மகரகமவிலிருந்து வரும். துணைவேந்தருக்குப் பேரவையும் மூதவையும் உண்டு. இடைநடுவிலுள்ள பணிப்பாளரோ தனியே நிற்கிறார். ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். முதலாளிகளிடம் போய்ப் பேச வேண்டும். ஏழு படிகளைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் தமது பாடநெறி எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு எப்படி ஏறுவது என்று தெரிய வேண்டும். தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் விரல்நுனியில் இருக்க வேண்டும். இல்லையேல் கீழே உள்ள எழுதுவினைஞர்தான் உண்மையான பணிப்பாளர். பகுதிநேர மாணவராக வரும் முப்பது வயதுக்காரரையும், பாடசாலைச் சீருடையை நேற்றுக் கழற்றிய பதினெட்டு வயதுப் பெண்ணையும் ஒரே வளாகத்தில் வைத்துக் காக்க வேண்டும். இவற்றுள் எதுவும் பௌதிகவியல் பட்டத்திலோ வணிகமாணிப் பட்டத்திலோ கற்பிக்கப்படுவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கட்டுரைக்காக வடக்கிலுள்ள நிறுவனம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். பட்டறையில் புதிய கடைசல் இயந்திரம் ஒன்று பொலித்தீன் உறை கழற்றப்படாமல் நின்றது. மும்முனை மின்னிணைப்புக்கான கடிதம் எந்த மேசையில் நிற்கிறது என்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. பணிப்பாளர் நல்ல மனிதர். வகுப்பறையில் அவர் கணிதம் நடத்தினால் மணி அடிப்பது கேட்காது என்று மாணவர்கள் சொன்னார்கள். நான் அவருடன் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் செய்தது லீவு விண்ணப்பங்களில் கையொப்பமிட்டதும் கொழும்பிலிருந்து வந்த தொலைபேசிக்குச் ‘சரி சேர்’ என்றதும்தான். ஒரு சிறந்த ஆசிரியரை இழந்து ஒரு சுமாரான எழுதுவினைஞரைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் அது. குற்றம் அவருடையதன்று. நீந்தத் தெரியுமா என்று கேளாமல் அவரைக் கேணியில் தள்ளியவர்களுடையது.

வேறிடங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் முதலாவது இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் 1901இல் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியின் நிழலில் வளர்ந்த இக்கல்லூரிகளுக்கும் தொடக்கத்தில் பள்ளி அதிபர்களே தலைவர்களாக வந்தார்கள். அது போதாது என்பதை அவர்கள் விரைவிலேயே உணர்ந்தார்கள். ரெக்சாஸ் பல்கலைக்கழகம் 1944இலேயே சமூகக் கல்லூரித் தலைமைக்கென ஒரு பட்டமேற்படிப்பைத் தொடங்கியது. 1960இல் கெலொக் மன்றம் – காலையுணவுத் தானியம் விற்ற அதே கெலொக்கின் அறக்கட்டளைதான் – பல பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து இத்தகைய பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தியது. அங்கு கற்று வெளியேறியவர்கள் அடுத்த பல ஆண்டுகளில் நாடெங்கும் புதிதாகத் திறக்கப்பட்ட கல்லூரிகளை ஏற்று நடத்தினார்கள். கட்டடம் எழும்பும்போதே அதை நடத்தும் ஆளையும் வளர்த்தார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

அமெரிக்கா பணக்கார நாடு என்பீர்கள். பாக்குநீரிணையைத் தாண்டிப் பார்ப்போம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னை – மயிலைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1996இலும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. அதன்பின் சேசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் சென்னையில் இதற்கென்றே ஓர் ஆய்வு, மேம்பாட்டு மையத்தை நடத்தினார். புதிதாகச் சமுதாயக் கல்லூரி தொடங்க விரும்பியவர்களுக்கு அதை எப்படி நடத்துவது என்று வழிகாட்டியது அந்த மையம். ஏழைகளுக்கான கல்லூரி என்பதால் அதன் தலைமையும் ஏனோதானோவென்று இருக்கலாம் என அவர் எண்ணவில்லை.

இவ்விடத்தில் ஒரு எதிர்வாதம் வரும் என்பதை அறிவேன். யாழ்ப்பாணத்தில் எந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னாலும் ஒரு பெரியவர் எழுந்து கேட்பார்: ஹன்டி பேரின்பநாயகத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தது? ஸ்கந்தவரோதயாவின் ஒறேற்றர் சுப்பிரமணியம் எந்த டிப்ளோமா வைத்திருந்தார்? தலைமை என்பது பிறவிக் குணம் தம்பி, அதைப் படிப்பித்து வராது.

கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வரலாறு அவர் சொல்வதுபோல இல்லை. பேரின்பநாயகம் 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானபோது அவருக்கு ஐம்பது வயது. அதற்கு முன்னர் யாழ்ப்பாணக் கல்லூரியில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர். அங்கே இருபதாண்டுகளுக்கு மேல் அதிபராக இருந்த ஜோன் பிக்னல் ஒரு கல்லூரியை எப்படி நடத்தினார், ஆசிரியர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுத்தார் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1924இல் தொடங்கிய வாலிபர் காங்கிரசைக் கட்டியெழுப்பிய அனுபவம் வேறு. பணம் சேர்ப்பது, கூட்டம் நடத்துவது, பகைவரோடு பேசுவது, 1927இல் காந்தியை அழைத்து வரவேற்பது – இவையெல்லாம் பயிற்சி இல்லையென்றால் வேறு எது பயிற்சி? சான்றிதழ் இல்லாத பயிற்சி என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

அந்தக் காலத்து முகாமையாளர் முறைக்குள் இந்தப் பயிலுநிலை பொதிந்திருந்தது. மிஷன் பாடசாலையிலோ சைவப் பாடசாலையிலோ இளம் ஆசிரியராகச் சேர்ந்தவர் விடுதிப் பொறுப்பு, விளையாட்டுப் பொறுப்பு, உப அதிபர் என்று படிப்படியாக ஏறினார். மேலே உள்ளவர்கள் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் – எமது முன்னோர் வாயில் இந்து போர்ட் – இராசரத்தினம் அவர்களின் முயற்சியில் ஊர் ஊராகப் பாடசாலை திறந்தபோது திருநெல்வேலியில் ஆசிரிய கலாசாலையையும் சேர்த்தே நடத்தியது. பள்ளிக்கூடம் திறப்பவன் அதற்கு ஆளையும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பொற்காலம் என்று நான் அதைப் பாடவில்லை. பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க மறுத்ததும், கொடுத்த பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் அதே யாழ்ப்பாணத்தில்தான். யாரை அதிபராக வளர்ப்பது என்ற தெரிவில் சாதியும் சமயமும் உறவும் புகுந்து விளையாடின. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது பலருக்கு அதுவரை மூடியிருந்த வாயில்கள் திறந்தன என்பதும் உண்மை. ஆனால் முகாமையாளரை அகற்றிய அரசு, முகாமையாளர் செய்துவந்த ஒரு வேலையை, அதாவது அடுத்த தலைவரை இனங்கண்டு வளர்க்கும் வேலையை, யாரிடமும் கொடுக்கவில்லை. அதன் இடத்துக்கு சேவை மூப்பு வந்தது. பின்னர் போட்டிப் பரீட்சை வந்தது. இரண்டுக்கும் நடுவே அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் வந்தது. அமெரிக்காவில் கெலொக் மன்றம் கல்லூரித் தலைவர்களைப் பயிற்றத் தொடங்கிய அதே 1960இல் நாம் இருந்த பயிலுநிலையையும் கலைத்துவிட்டு வெறுங்கையுடன் நின்றோம்.

அதற்குப் பிறகு இடைநிலைக் கல்லூரி அமைக்கும் முயற்சிகள் வராமல் இல்லை. 1969இல் கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. ஆட்சி மாறிச் சில ஆண்டுகளுக்குள் அவை மறைந்தன. 1991இல் மாகாணந்தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்று மறுபடி ஒரு முயற்சி. வட மாகாணத்துக்கு உரியது வவுனியாவில் அமைந்தது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமானது. மகிழ்ச்சியான செய்திதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த முப்பதாண்டில் நடந்ததை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இரண்டாண்டு டிப்ளோமாவுக்கென்று அமைத்த கல்லூரி அந்த வேலையை விட்டு மேலே போய்விட்டது. விட்ட வேலையைச் செய்ய வேறு கல்லூரி வரவில்லை. இடைநிலைக் கல்லூரி இடைநிலைக் கல்லூரியாகவே சிறந்து விளங்கலாம் என்று நம்பும் தலைவர் ஒருவரை நாம் உருவாக்காதவரை, எந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமாகும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இதில் தமிழ் அரசியலின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. தரப்படுத்தலுக்கு எதிராக 1970இல் தமிழ் மாணவர் பேரவை எழுந்தது. அதன் நியாயத்தை நான் என்றும் மறுக்கமாட்டேன். ஆனால் பல்கலைக்கழக அனுமதியே தமிழரின் கல்வி என்ற ஒரு மயக்கம் அன்று தொடங்கி இன்றுவரை தெளியவில்லை. மருத்துவபீடத்தில் எத்தனை இடம், பொறியியற்பீடத்தில் எத்தனை இடம் என்று கணக்கெடுத்த எமது தலைவர்களில் ஒருவரேனும் பிறவுண் வீதிக் கல்லூரியின் தலைமையைப் பற்றி நாடாளுமன்றத்தில் நெஞ்சு பொருமிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் என்னைப் போன்ற கலைப் பட்டதாரிகள். அரச வேலை ஒன்றே அவர்களின் கோரிக்கை. அந்த வாசலில் நின்று செய்தி சேகரித்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பட்டத்துக்கும் வேலைக்கும் இடையிலான பாலத்தைக் கட்டுவது யாருடைய வேலை?

‘பயிற்சி இல்லை என்று எப்படிச் சொல்வீர்? தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது, மீப்பேயில் தலைமைத்துவ நிலையம் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் கல்விமுதுமாணி இருக்கிறது’ என்று கல்வித் திணைக்கள நண்பர்கள் கேட்பார்கள். இருக்கின்றன. அவை பாடசாலைகளை மனத்திற்கொண்டு அமைந்தவை. ஒரு வாரம் இருந்து சுற்றுநிருபங்களை விளங்கிக்கொண்டு திரும்புவது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது போதாது என்கிறேன். கல்விமுதுமாணிப் பட்டத்தைப் பொறுத்தவரை, அதைப் பெறுவோரில் எத்தனைபேர் பதவியுயர்வுப் புள்ளிக்காகப் பெறுகிறார்கள், எத்தனைபேர் ஒரு நிறுவனத்தை ஏற்று நடத்தும் எண்ணத்தோடு பெறுகிறார்கள் என்பதை அதைக் கற்பிப்பவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம். இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம், சுருக்கமாக யுனிவோடெக், இத்துறைக்கு நெருங்கியது. ஆனால் குடாநாட்டிலிருந்து நானூறு கிலோமீற்றர். பிள்ளைகுட்டியுள்ள ஒரு பெண் விரிவுரையாளர் அங்கு போய் இரண்டாண்டு தங்குவாரா? இந்த நிறுவனங்களின் வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். பணிப்பாளர் கதிரையில் எத்தனை பெண்களை இருத்தினோம் என்று வாசகர்களே விரல்விட்டு எண்ணுங்கள்.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இதைச் செய்ய வேண்டும் என்கிறேன். அது வேறொருவருடைய வேலையன்று. பரமேஸ்வராக் கல்லூரியையும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவையும் உள்வாங்கி 1974இல் உருவான நிறுவனம் அது. கல்லூரிகளிடமிருந்து பெற்றதைக் கல்லூரிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் கடன் அதற்குண்டு. பட்டமேற்படிப்புக்கென ஒரு பீடம் ஏற்கெனவே இயங்குகிறது. புதிய கட்டடம் வேண்டாம். அடிக்கல் நாட்டுவிழாவும் தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாண்டு முதுமாணி நெறி. தமிழில். சரிபாதி வகுப்பறையில், சரிபாதி வேறொரு நிறுவனத்தில், அனுபவம் மிக்க பணிப்பாளர் ஒருவரின் பக்கத்தில். நிதிப் பிரமாணங்களை ஒரு சட்டப் புத்தகமாக அன்றி, மின்னிணைப்புக்காகக் காத்துநிற்கும் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டும் பயிற்சியாகக் கற்பிக்கட்டும். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் உள்ள கராஜ்காரர்களையும் கட்டட ஒப்பந்தகாரர்களையும் விடுதி உரிமையாளர்களையும் போய்ச் சந்தித்து, என்ன தெரிந்த ஆள் உங்களுக்கு வேண்டும் என்று கேட்டு எழுதிவருவது ஒரு பாடமாக இருக்கட்டும். மாணவி ஒருத்தி விரிவுரையாளர் மீது முறைப்பாடு கொண்டுவந்தால் அன்று மாலைக்குள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பது இன்னொரு பாடம். அதை மூடிமறைப்பதே நிறுவனத்தின் மானத்தைக் காப்பது என எண்ணும் பழக்கம் எமது கல்லூரிகளில் ஆழ வேரூன்றியுள்ளது. பயிற்சியின்றி அது போகாது.

படிப்பிப்பது யார் என்று கேட்பீர்கள். இங்கேதான் புலம்பெயர்ந்த வாசகர்களிடம் வருகிறேன். ஒன்ராறியோ மாகாணத்தின் முதலாவது சமூகக் கல்லூரியான சென்ரெனியல் 1966இல் திறக்கப்பட்டது எங்கே? ஸ்காபரோவில். உங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கும் அதையொத்த கல்லூரிகளிலும் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காததால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அந்நாட்டில் எவரும் ஒப்பாரி வைப்பதில்லை என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். அத்தகைய கல்லூரிகளில் கற்பித்தவர்களும் நிர்வாகத்தில் இருந்தவர்களும் தமிழர்களிடையே உண்டு. ஓய்வு பெற்ற ஒருவர் ஆண்டில் ஆறு வாரம் வந்து தங்கிக் கற்பித்தால் போதும்.

பணம்? பழைய மாணவர் சங்கங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் எழுந்த வாயில் வளைவுகளையும் பார்வையாளர் அரங்குகளையும் திறப்புவிழாச் செய்திகளாக நானே எழுதியிருக்கிறேன். கொடுத்தவர் பெயர் பளிங்குக் கல்லில் இருக்கும். ஒரு விரிவுரையாளர் இரண்டாண்டு படிப்பதற்கான செலவை ஏற்றால் பெயர் பொறிக்க இடமில்லை. அதனால்தானோ என்னவோ அதற்கு எவரும் முன்வருவதில்லை. அந்த வளைவுக்கு ஆகும் பணத்தில் ஒருவரையல்ல, பலரைப் படிப்பிக்கலாம்.

வட்டுக்கோட்டை செமினரியின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் அதன் தொடக்கத்தை மட்டுமே சொல்லிப் பெருமைப்படுகிறோம். 1823இல் திறந்து, டானியல் பூவரின் தலைமையில் ஆசியாவே திரும்பிப் பார்க்கும்படி வளர்ந்த நிறுவனம் 1855இல் மூடப்பட்டது. கற்க ஆளில்லாமல் அன்று. பொஸ்ரனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சனும் அவரோடு கூடியவர்களும் எடுத்த கொள்கை முடிவால். அதன் இடத்துக்கு யாழ்ப்பாணக் கல்லூரி எழ 1872 வரை, பதினேழு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. கதிரையில் இருப்பவரின் முடிவு ஒரு தலைமுறையின் படிப்பைத் தின்றுவிடும் என்பதை எமது ஊர் இவ்வளவு முன்னதாகவே அனுபவித்திருக்கிறது.

அரச சேவையில் யார் எப்போது ஓய்வுபெறுவார் என்பது இரகசியமன்று. அறுபது வயது நிறையும் திகதி ஒவ்வொருவரின் கோப்பிலும் உண்டு. இன்னும் ஐந்தாண்டுகளில் இந்த நிறுவனங்களில் எந்தெந்தக் கதிரைகள் வெறுமையாகும் என்று இன்றே ஒரு தாளில் எழுதிவிடலாம். அவற்றில் அமரப்போகிறவர்கள் இப்போது எங்கோ ஒரு வகுப்பறையில் வெண்கட்டியோடு நிற்கிறார்கள். அவர்களில் பத்துப் பேரின் பெயரைக் கேட்டு, அவர்களுக்குச் சம்பளத்துடனான கல்வி விடுமுறை தருவீர்களா என்று உரிய அமைச்சுகளுக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று திருநெல்வேலிக்கும் எழுத இருக்கிறேன். பதில் வந்தால் அதை இங்கேயே வெளியிடுவேன். வராவிட்டால் வரவில்லை என்பதையும் திகதியுடன் வெளியிடுவேன்.